அலமாரிப் பக்கம் நின்றவன்

1

மாலை ஐந்து பத்து. இந்த ஒன்று மட்டும் எனக்குச் சரியாகத் தெரியும். புனே பக்கம் தேஹு ரோட்டில் நான் வேலை பார்த்த ராணுவக் கிடங்கில் ஐந்து மணிக்குச் சங்கு ஊதும். சைக்கிளை எடுத்து மிதித்தால் குவார்ட்டர்ஸ் வாசலுக்குப் பத்து நிமிடம். அதற்குப் பிறகு நடந்தவற்றில் எதையும் இத்தனை உறுதியாக என்னால் சொல்ல முடியாது.

அழைப்பு மணியை அடித்தேன். கோமதி வந்து திறக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிற பெண்; இந்த ஊரில் அதுவும் காலேஜில்தான். மதியம் காலேஜிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்குவாள், மணிச் சத்தம் கேட்டால் எழுந்து வந்துவிடுவாள். இரண்டாவது முறை அடித்தேன். மூன்றாவது முறை பொத்தானிலிருந்து விரலை எடுக்கவே இல்லை.

எங்கள் வீடு முதல் மாடி. வாசலை ஒட்டிய வராந்தாவில் முன்னறையின் ஜன்னல். திரை முழுதாக மூடியிருக்கவில்லை. கம்பி வழியாக எட்டிப் பார்த்தேன். கட்டிலில் கோமதி மல்லாந்து படுத்திருந்தாள். கண் இரண்டும் திறந்திருந்தன.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் தலை திரும்பவில்லை. கை அசையவில்லை. கருவிழி மட்டும் ஒருமுறை என் பக்கம் வந்தது, பிறகு உடனே அலமாரி இருக்கும் மூலைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. என் மகள் என்னைப் பார்த்துவிட்டாள், பார்த்தும் எழுந்து வரவில்லை. எனக்கு அந்த நொடியில் என்னவெல்லாம் தோன்றியது என்று எழுத இன்றைக்கும் கை வரவில்லை. பக்கவாதமா, விஷம் எதையாவது குடித்துவிட்டாளா, மூச்சு இருக்கிறதா?

கதவை இரண்டு கையாலும் அறைந்தேன். எதிர் வீட்டு மங்கள்தாயி மாவுக் கையோடு வெளியே வந்தார். அப்போதுதான் உள்ளே கோமதி அலறினாள். தாழ்ப்பாள் விலகியது. என்னைத் தள்ளிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடி வந்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அப்பா, உள்ள ஆள் நிக்கான்."

குடையைக் கையில் எடுத்துக்கொண்டு நான் உள்ளே போனேன். குளியலறை, சமையலறை, கட்டிலுக்கு அடியில், பரண் மேலே. யாரும் இல்லை. ஆனால் பின்பக்கம் துணி காயப்போடும் பால்கனியின் கதவு திறந்து கிடந்தது. கீழே கழிவுநீர்க் குழாய் சுவரோடு இறங்குகிறது. காலை ஊன்றி ஏற இறங்க முடியாத குழாய் அல்ல.

2

இதை இத்தனை வருடம் கழித்து எழுதக் காரணம் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன். பையன் என்றால் முப்பது வயது, கோயம்புத்தூர்க்காரர், ஹிஞ்சவாடியில் சாஃப்ட்வேர் வேலை. நான் ஓய்வு பெற்ற பிறகு நாங்கள் ஔந்தில் ஒரு சிறிய ஃபிளாட்டுக்கு வந்துவிட்டோம். காலையில் நடை, பால் பாக்கெட், பேப்பர், பத்து மணிக்கு மேல் லிஃப்ட் வேலை செய்கிறதா என்று கேட்க ஒரு நடை. இதுதான் இப்போது என் தினசரி. போன ஞாயிறு லிஃப்ட் வாசலில் அவர் என்னை நிறுத்தினார். தம்பிக்குப் பதினைந்து வயது, ஊரிலிருந்து வந்து இங்கேதான் படிக்கிறான், விடியக்காலம் கண்ணைத் திறந்தால் யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறதாம், கத்தக்கூட முடியவில்லையாம்.

"உங்களுக்கு இங்க ரொம்ப வருசப் பழக்கமுங்களே சார். யாருகிட்டக் காட்டறதுங்க?" என்று கேட்டார்.

தெரியும் என்று சொல்வதா, தெரியாது என்று சொல்வதா? நல்லதாக ஒரு டாக்டர் பெயரைச் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகும் மனம் ஆறவில்லை. ஊரில் இருக்கிறவர்கள் எங்களைப் பற்றி நினைக்கிறபோது சம்பளம், குளிர், சப்பாத்தி என்றுதான் நினைக்கிறார்கள். இந்த மாதிரி ஒன்று வந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நிற்பதும் வெளியூர் வாழ்க்கைதான். அதனால் எழுதுகிறேன்.

3

என் மனைவி ஆவுடை அப்போது இங்கே இல்லை. அவள் அக்காவுக்குத் திருநெல்வேலியில் ஆபரேஷன். கூட இருந்து பார்க்கப் போய் மூன்று வாரமாகியிருந்தது. எங்கள் வீட்டில் ஃபோன் கிடையாது. வாரம் ஒருமுறை ஸ்டேஷன் ரோட்டு பூத்திலிருந்து நான் பேசுவேன். அந்த வாரமும் பேசினேன். எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, கோமதி படிக்கிறாள் என்றேன்.

ஆவுடை இருந்திருந்தால் கோமதியிடம் கேட்கிற விதமே வேறாக இருந்திருக்கும். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். எது எங்கே இடிக்கிறது என்றுதான் என் புத்தி போகும். முன்கதவு உள்ளே தாழ் போட்டிருக்கிறது. பால்கனி திறந்திருக்கிறது. பதினேழு வயதுப் பெண் தனியாக இருக்கிறாள். ஆள் வந்திருக்கிறான், ஆனால் அவள் கத்தவில்லை. நான் வாசலில் நின்று மணி அடிக்கிறேன், என்னைப் பார்க்கவும் செய்கிறாள், அப்போதும் கத்தவில்லை. இதையெல்லாம் கூட்டிப் பார்த்து அன்று இரவு சாப்பாட்டின்போது அவளிடம் ஒரே கேள்வி கேட்டேன்.

"ஒனக்குத் தெரிஞ்ச ஆளாட்டி?"

அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனாள்.

எங்களைப் போல ராணுவ எல்லைக்குள் குடியிருக்கிறவர்களுக்கு வீட்டில் அந்நியன் நுழைந்தால் முதலில் போலீஸ் ஞாபகம் வராது. செக்யூரிட்டிதான். காலையில் கிடங்குக்குப் போனதும் எழுத்தில் புகார் கொடுத்தேன். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று எப்போதும்போல முழித்து, எப்போதும்போல என் அப்பாவின் பெயரை எழுதினேன். பேச்சிமுத்து. அப்போதே இருபது வருடமாக இந்த ஊர்க் காகிதங்களில் நான் என் அப்பாவாகத்தான் இருந்து வந்தேன்.

பதினோரு மணிக்கு ஜாதவ் சாகேப் வீட்டுக்கு வந்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றுப் பாதுகாப்புப் பிரிவில் சேர்ந்தவர். பெரிய மீசை, மெல்லிய குரல். கோமதியை எதிரே உட்காரவைத்து, தண்ணீர் குடிக்கச் சொல்லி, இந்தியில் கேட்டார்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். என் மகள் அத்தனை சரளமாகப் பேசி நான் வீட்டில் கேட்டதில்லை. எங்களோடு பேசும்போது அவள் தமிழ் இரண்டு வார்த்தை நடந்து ஒரு வார்த்தைக்கு நிற்கும். இந்தியும் மராத்தியுமாக அந்த மனிதரிடம் கொட்டினாள், பக்கத்தில் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நேற்று முதல் தடவை அல்லவாம். இந்த மாதத்தில் ஐந்தாறு முறை வந்துவிட்டானாம். எப்போதும் தூக்கத்திலிருந்து கண் விழிக்கிறபோதுதான். முதலில் அலமாரிப் பக்கம் நிற்பான், பிறகு கிட்டே வருவான், நெஞ்சின்மேல் உட்காருவான். முகம் தெரியாது, மூச்சுச் சத்தம் கேட்கும். கையைத் தூக்க நினைத்தால் கை வராது, வாயைத் திறந்தால் சத்தம் வராது. அப்பா மணி அடித்தது கேட்டது, அப்பா ஜன்னலில் நின்றதும் தெரிந்தது. 'ஹில் ஹி நஹீ பாயீ' என்று மட்டும் மூன்று முறை சொன்னாள். அசையவே முடியவில்லை என்று.

இதையெல்லாம் ஒரு வார்த்தை அவள் என்னிடம் சொல்லவில்லை. அல்லது 'தெரிஞ்ச ஆளா' என்று கேட்டு அவள் வாயை நானே மூடியிருக்கலாம். எது என்று இன்னமும் யோசிக்கிறேன்.

ஜாதவ் சாகேப் பால்கனியையும் குழாயையும் பார்த்தார். குழாயில் படிந்திருந்த பாசி கலையவில்லை என்று எனக்குக் காட்டினார். பிறகு தனியாக அழைத்து, வெளியே மணி அடிக்க அடிக்க உள்ளேயே நிற்கிற திருடனை என் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார். ஆனாலும் பெண் பிள்ளை விஷயம், எழுத்தில் வந்த புகார். ஒரு வாரம் மாடிப்படியில் ஆள் போடுகிறேன் என்றார்.

போட்டார். அதுதான் நான் அந்தப் புகாரால் சம்பாதித்தது. காக்கிச் சட்டையோடு ஒருவர் எங்கள் மாடிப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்ததும் கட்டிடம் முழுக்கப் பேச்சு. முதலில் திருடன் என்றார்கள். இரண்டாம் நாள், திருடனாக இருந்தால் என்ன காணாமல் போனது என்று கேட்டார்கள். மூன்றாம் நாள் கோமதியோடு சேர்ந்து படிக்க வருகிற இரண்டு பெண்களும் வரவில்லை. நான் எண்ணியதைத்தான் ஊரும் எண்ணியது. ஊரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

4

காவல் போட்ட நான்காம் நாள் நான் அரை நாள் லீவு எடுத்தேன். மதியம் சாப்பிட்ட பிறகு கோமதி படுக்க மாட்டேன் என்றாள். கண் இரண்டும் சிவந்து சொருகிக்கொண்டிருந்தன. நான் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காருகிறேன், ஒரு அடி நகரமாட்டேன் என்று சொன்ன பிறகு படுத்தாள். பால்கனிக் கதவைப் பூட்டினேன். முன்கதவுக்கு வெளியே காவல்காரர் பீடி பிடிக்கிற வாசனை வந்தது. வீட்டுக்குள் நல்ல வெயில்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் போயிருக்கும். அவள் மூச்சு மாறியது. நிமிர்ந்து பார்த்தேன். கண்கள் திறந்திருந்தன. என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்கு மேலே, எனக்குப் பின்னால் பார்த்தாள். தொண்டையிலிருந்து சின்னதாக ஒரு முனகல். விரல் நுனிகூட அசையவில்லை.

திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஐம்பதை நெருங்குகிற மனிதன், பி.காம். படித்தவன், பட்டப்பகலில் என் சொந்த வீட்டில் என் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். கையை மட்டும் நீட்டி அவள் தோளைத் தொட்டேன். தொட்டதும் அவள் உடம்பு முழுக்க ஒரு உதறல். எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க இருந்தீங்கப்பா. பேப்பர் வச்சிருந்தீங்க. எல்லாம் தெரிஞ்சிச்சு. அவன் உங்க பின்னாலதான் நின்னான்."

இப்போது திரும்பினேன். அலமாரி, அதன்மேல் சூட்கேஸ், அவ்வளவுதான்.

ஆள் யாரும் வரவில்லை என்பது அன்றைக்கு நிச்சயமாகிவிட்டது. அதில் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். மாறாக அதுவரை இருந்த பயத்தைவிடப் பெரிய பயம் வந்தது. திருடன் என்றால் பூட்டு இருக்கிறது, காவல் இருக்கிறது. இல்லாத ஆளை என் மகள் கண்ணால் பார்க்கிறாள் என்றால் அதற்கு ஊரில் ஒரே பெயர்தான். அந்தப் பெயர் ஒரு பெண்ணின்மேல் விழுந்தால் அப்புறம் எழாது.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அருணாசலம் அண்ணாச்சியிடம் சொன்னேன். தென்காசிக்காரர், என் பிரிவிலேயே மூத்தவர், இங்கு எனக்கு அண்ணன் மாதிரி. அன்று சாயங்காலமே திருநீறு மடித்த பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தார். கோமதி சொன்னதைக் கேட்டு முடித்ததும் அவர் முகத்தில் ஒரு தெளிவு. ஊர்க்காரரைப் பிற ஊரில் கண்ட மாதிரி.

"இது அமுக்குவான்லா. நம்ம பக்கத்துல வாரதுதான். ரயிலேறி தேஹு ரோடு வரைக்கும் வந்திருக்கான் பாத்தீரா, அதான் எனக்கு ஆச்சரியமா இருக்கு" என்றார்.

கோமதிக்கு அந்தச் சொல் புதிது. அப்படியென்றால் என்ன என்று கேட்டாள். தூங்குகிறவர்களின் மேல் ஏறி அமுக்குகிற பேய் என்றார் அண்ணாச்சி.

"எதுக்கு அமுக்குவான், மாமா? அவனுக்கு என்ன வேணும்?"

அது கேட்கக்கூடிய கேள்வி என்றே அண்ணாச்சிக்கு அதுவரை தோன்றியதில்லை என்று நினைக்கிறேன். லீவு போட்டு ஊருக்குக் கூட்டிப் போய்விடும், நமக்குத் தெரிந்த பூசாரி இருக்கிறார், மூன்று நாளில் சரியாகிவிடும் என்று என்னிடம் சொன்னார். செய்முறைப் பரீட்சைக்குப் பத்து நாள்தான் இருந்தது. போனால் ஒரு வருடம் போச்சு. நான் மாட்டேன் என்றேன். ஆனால் அவர் போன பிறகு அந்தத் திருநீற்றை எடுத்து அவள் நெற்றியில் பூசினேன், எனக்கும் பூசிக்கொண்டேன்.

5

கிடங்கு டிஸ்பென்சரி டாக்டர் ஒரு சீட்டு எழுதிப் புனேயில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். சீட்டில் எழுதியிருந்த பிரிவின் பெயரைப் படித்ததும் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மனநோய்ப் பிரிவு. லோக்கல் ரயிலில் போகும்போது தெரிந்தவர் யாரும் ஏறிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோமதி ஜன்னலோரம் தலையை முட்டுக்கொடுத்து, தூங்கிவிடக் கூடாது என்று தன் கையைத் தானே கிள்ளிக்கொண்டு வந்தாள்.

அங்கே பெஞ்சில் இரண்டு மணி நேரம். கம்பவுண்டர் 'பெச்சிமுட்டு, பெச்சிமுட்டு' என்று கத்திக்கொண்டே இருந்தார். இறந்துபோன என் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார் என்று புரிய நேரமானது.

டாக்டர் ஒரு மராத்தி அம்மாள். நாற்பது வயது இருக்கும். கோமதியிடம் அரை மணி நேரம் பேசினார். பிறகு என்னிடம், பெண் எத்தனை மணிக்குத் தூங்குகிறாள் என்று கேட்டார். இது எனக்குப் பெருமையாகச் சொல்லக்கூடிய விஷயம். விடியக்காலம் நாலு மணிக்கு நானே எழுப்பிவிடுகிறேன், எங்கள் ஊரில் படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான், நானும் அப்படிப் படித்தவன்தான் என்றேன். சரி, இரவு எப்போது படுக்கிறாள் என்றார். நான் கோமதியைப் பார்த்தேன். ஒரு மணி, சில நாள் இரண்டு என்றாள் அவள்.

நான் ஒன்பதரைக்குப் படுத்துவிடுகிறவன். அவள் தோழிகள் எல்லாம் இந்த ஊர்ப் பிள்ளைகள். அவர்கள் நடு இரவு தாண்டிப் படிப்பார்கள், காலையில் ஏழுக்கு எழுவார்கள். இவள் இரவில் அவர்கள் மாதிரியும் விடியலில் எங்கள் மாதிரியும் படித்திருக்கிறாள். இரண்டு ஊர் வழக்கமும் சேர்ந்து அவள் தூக்கத்தை இரண்டு பக்கமும் தின்றுவிட்டன. மிச்சத்தை மதியம் வாங்கப் பார்த்திருக்கிறாள்.

டாக்டர் ஒரு காகிதத்தில் கோடு போட்டு விளக்கினார். கனவு காண்கிற நேரத்தில் உடம்பு தன்னைத் தானே பூட்டிக்கொள்ளுமாம். இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவன் கட்டிலிலிருந்து விழுந்துவிடுவான். சாதாரணமாக விழிப்பு வரும்போது பூட்டும் திறந்துவிடும். தூக்கம் கெட்டுப்போனவர்களுக்குச் சில சமயம் விழிப்பு முதலில் வந்துவிடுகிறது, பூட்டு திறக்கப் பிந்துகிறது. கண் திறந்திருக்கும், அறை தெரியும், சத்தம் கேட்கும், உடம்பு மட்டும் அசையாது. கனவும் முழுதாகப் போயிருக்காது. அது அறைக்குள்ளேயே வந்து நிற்கும். நெஞ்சு பாரமாக இருப்பதால் யாரோ உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகப் போய்விடும். உயிருக்கு ஒன்றும் ஆகாது. பைத்தியமும் இல்லை. ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழ வேண்டும், மல்லாந்து படுக்கக் கூடாது, மதியத் தூக்கம் வேண்டாம். வந்தால் பயந்து திமிறாமல் கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பார்க்க வேண்டும். மாத்திரை எதுவும் வேண்டாம்.

ஒவ்வொரு வாக்கியமும் புரிந்தது. மொத்தம் புரியவில்லை. நான் கேட்டேன்: அவள் பார்த்த அறை நிஜம், பார்த்த ஜன்னல் நிஜம், ஜன்னலில் நின்ற நான் நிஜம், அந்த ஆள் மட்டும் எப்படிக் கனவு? டாக்டர் சிரிக்கவில்லை. அதுதான் இதில் கஷ்டம் என்றார். இதைவிட ஒரு பாட்டில் டானிக் எழுதிக் கொடுத்திருந்தால் எனக்குத் தைரியமாக இருந்திருக்கும்.

ரயிலில் திரும்பும்போது கோமதியிடம், கேட்டியா, ஒன்றும் இல்லையாம் என்றேன். அவள் வெளியே பார்த்தபடி சொன்னாள்:

"அவங்களுக்குத் தெரியாதுப்பா. அவங்க பாத்ததில்ல."

அன்று முதல் அவள் தூங்குவதையே நிறுத்திவிட்டாள். டாக்டர் எதைச் செய்யச் சொன்னாரோ அதற்கு நேர் எதிர். இரவில் படுக்கச் சொன்னால் புத்தகத்தோடு நடப்பாள். ஈரத் துண்டைத் தலையில் கட்டிக்கொள்வாள். நான் பக்கத்தில் உட்காருகிறேன் என்றால், நீங்கள் உட்கார்ந்திருந்தபோதுதானே வந்தான் என்பாள். காலையில் பல் துலக்கும்போது நின்றபடியே சாய்ந்தாள். காவல்காரரை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் ஸ்டூலை எடுத்துக்கொண்டு போனதற்கும் கட்டிடம் ஒரு கதை சொன்னது.

இரண்டாம் நாள் காலை, நான் வேலைக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் வந்து நின்று கேட்டாள். ஒரு வார்த்தைகூடத் தடுமாறாத சுத்தமான தமிழ்.

"அப்பா, எனக்குப் பைத்தியமா?"

இல்லை என்று சொன்னேன். ஆனால் சொல்வதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன். அந்தக் கொஞ்ச நேரத்தை அவள் பார்த்துவிட்டாள்.

6

அன்று நான் வேலைக்குப் போகவில்லை. ஒன்பதரை மணி வாக்கில் கீழே ஷேர் ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்டது. பால்கனியிலிருந்து பார்த்தால், ஆவுடை. கையில் ஒரு பை, இடுப்பில் ஒரு பை, இரண்டு நாள் ரயில் தூசி முகம் முழுக்க. அண்ணாச்சிதான் என்னிடம் சொல்லாமல் அவள் அண்ணன் வேலை பார்க்கிற கடைக்கு ஃபோன் போட்டிருக்கிறார். ரிசர்வேஷன் கிடைக்காமல் பெண்கள் பெட்டியில் உட்கார்ந்தே வந்திருக்கிறாள்.

பைகளை வாங்க நான் மாடிப்படிக்கு ஓடினேன். ஏறி வரும்போதே நடந்தவற்றைச் சொல்ல ஆரம்பித்தேன். புகார், காவல், அண்ணாச்சி, ஆஸ்பத்திரி, டாக்டர் போட்ட கோடு. அவள் வீட்டுக்குள் வந்து, கை கால் கழுவி, தரையில் சுவரோரம் உட்கார்ந்திருந்த கோமதியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எந்தப் பக்கம் நிக்கான்?"

கோமதி அலமாரியைக் காட்டினாள்.

"நிக்க மட்டுமா, உக்காருவானா?"

"உக்காருவான்மா."

"மூஞ்சி தெரியுதா?"

"தெரியல."

"எனக்கும் தெரியாது" என்றாள் ஆவுடை.

கோமதி தலையைத் தூக்கினாள். பையைக் கையில் வைத்தபடி நான் வாசல்படியிலேயே நின்றுவிட்டேன்.

"எனக்கு வாரது பொம்பள. கால்மாட்டுல நிப்பா. சேலையெல்லாம் நனைஞ்சிருக்கும். மொள்ள ஏறி வந்து நெஞ்சுல உக்காருவா. கைய அசைக்க ஏலாது, கத்தவும் வராது. ஒன் வயசுலதான் எனக்கு ஆரம்பிச்சுது. பெறவு நின்னுட்டு. இங்க வந்த புதுசுல, பாஷையும் தெரியாம, நீ கைப்பிள்ளையா ராத்திரி பூரா தூங்கவிடாம, அப்பம் மறுபடியும் வந்தா. இப்ப எப்பமாச்சும்."

அதுவரை பதினெட்டு வருடம் நான் ஆவுடையின் பக்கத்தில் படுத்து எழுந்திருக்கிறேன். அந்த அறையில் நனைந்த சேலையோடு ஒருத்தி வந்து போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. எந்தெந்த இரவில் வந்தாள், அப்போதெல்லாம் நான் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன்? இதை இன்றுவரை என்னால் எங்கேயும் பொருத்திப் பார்க்க முடியவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்றேன்.

"சொல்லியிருந்தா மாடிப்படிக்குக் காவலு போட்டிருப்பீய."

கோமதி சிரித்துவிட்டாள். ஒரு வாரத்துக்கு மேல் கேட்காத சத்தம். சிரித்த வேகத்திலேயே அழவும் ஆரம்பித்தாள். ஆவுடை அவளைத் தன் மடியில் ஒருக்களித்துச் சாய்த்துக்கொண்டாள்.

"அவ ஒன்ன என்ன செய்வாம்மா?" என்று கேட்டாள் கோமதி, கண்ணை மூட இன்னும் பயந்துகொண்டு.

"ஒண்ணும் செய்ய மாட்டா. மொதல்ல நானும் கெடந்து திமிறுனேன். திமிறத் திமிற நேரமாவும். இப்பம்லாம் நாளைக்கு என்ன கொழம்பு வைக்கணும்னு யோசிப்பேன். காய் என்ன இருக்கு, புளி கெடக்கா, தேங்கா இருக்கான்னு. புளிக்கொழம்புன்னு முடிவு பண்ணுததுக்குள்ள அவ எந்திச்சுப் போயிருப்பா. நீ என்னத்தயாவது யோசி. கண்ண மூடு."